ஒரு சொல் சுமத்திய பழி

ஒரு வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் நோய் என்ற செய்தி வெளியே தெரிந்தால், அடுத்து எழும் கேள்வி எதுவென்று எல்லோருக்கும் தெரியும். நோயாளி ஆணாக இருந்தால் ‘குடிப்பாரோ?’ என்று வாய்விட்டே கேட்பார்கள். வெள்ளிதோறும் கோனியம்மன் சந்நிதியில் கைகூப்பி நிற்கும் அறுபது வயதுப் பெண்மணியாக இருந்தால், கேள்வி அவரிடம் வராது. அவர் முதுகுக்குப் பின்னால் உலவும். “ஏனுங்கக்கா, அவங்களுக்குப் போயி எப்படிங்க கல்லீரல் கெட்டுது?” என்று காந்திபுரத்துத் தெருமுனையில் இருவர் பேசிக்கொள்வதில் இரக்கம் பாதியும் ஐயம் பாதியும் கலந்திருக்கும்.

அந்த ஐயத்திற்கு அடிப்படை இல்லை. மது கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் பழுதுபட்ட கல்லீரல் யாவும் மதுவால் பழுதுபட்டவை அல்ல. காமாலையை உண்டாக்கும் வைரசுகள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புப் படிவு, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, உடலின் காவற்படையே கல்லீரலைப் பகையாகக் கருதித் தாக்குவது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆற்றல், தன் வீட்டாரையே அயலார் என்று எண்ணிவிடுகிறது. இதனைத் தன்னுடல் தாக்கு நோய் என்பர். மருத்துவமனைகளில் ‘ஆட்டோ இம்யூன்’ என்ற சொல்லே வழக்கில் உள்ளது.

கல்லீரலைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் வருகிறது. கல்லீரலின் உயிரணுக்களே தாக்கப்பட்டால் அது ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ். கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய பித்தக் குழாய்கள் தாக்கப்பட்டால் அது பி.பி.சி. உள்ளும் புறமும் உள்ள பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கினால் அது பி.எஸ்.சி. முதல் இரண்டும் பெண்களுக்கே மிகுதியாக வருகின்றன. பி.பி.சி. நடுவயதிலும் அதற்குப் பின்னரும் உள்ள பெண்களிடம் பெரிதும் காணப்படுகிறது. மூன்றாவது ஆண்களிடம் சற்று அதிகம். பெருங்குடல் அழற்சியோடு சேர்ந்து வருவதும் உண்டு.

இவற்றுள் எதுவுமே தொற்றுநோய் அன்று. காமாலை என்ற சொல்லைக் கேட்டதும் சில வீடுகளில் தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்நோயாளிகளுக்கு அப்படி ஒதுக்க ஒரு காரணமும் இல்லை. அவர் சமைத்துப் பரிமாறலாம். பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே இலையில் வந்த பிரசாதத்தைப் பகிர்ந்து உண்ணலாம்.

கல்லீரல் பொறுமை மிக்க உறுப்பு. பெரும்பகுதி பழுதுபட்ட பின்னும் தன் வேலையை எப்படியோ நடத்திக்கொண்டிருக்கும். அதனால் பலருக்கு நோய் இருப்பது, சர்க்கரைக்கோ கொலஸ்டிராலுக்கோ ரத்தம் கொடுக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவருகிறது. வேறு சிலருக்குக் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பின்னரே தெரிகிறது.

சொல்லை மாற்றிய நோயாளிகள்

பி.பி.சி. என்ற நோயைப் பற்றி லண்டன் மருத்துவர்கள் தாமஸ் அடிசனும் வில்லியம் கல்லும் 1851-ஆம் ஆண்டிலேயே எழுதினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1950-ஐ ஒட்டி, ‘பிரைமரி பிலியரி சிரோசிஸ்’ என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் நிலைத்தது. சிரோசிஸ் என்பது கல்லீரல் தழும்பேறிக் கடினப்பட்டுப்போன நிலை. ஆனால் உலகெங்கும் பொதுமக்கள் காதில் அச்சொல் குடிகாரனின் நோயாகவே ஒலித்தது. ஒரு துளி மதுவும் அருந்தாத பெண்கள், அந்த ஒரு சொல்லால் உறவினரிடமும் அலுவலகத்திலும் தலைகுனிய நேர்ந்தது.

அச்சொல் மருத்துவ அளவிலும் பொருந்தவில்லை. ரத்தப் பரிசோதனைகள் வளர்ந்தபின் நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டதால், நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிரோசிஸ் நிலையே இல்லை. நோயாளிகளின் அமைப்புகள் இதனை எடுத்துரைத்து, பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டன. கல்லீரல் ஆய்வுக்கான ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2014, 2015 ஆண்டுகளில் ‘சிரோசிஸ்’ என்ற சொல் நீக்கப்பட்டு, பித்தக்குழாய் அழற்சி எனப் பொருள்படும் ‘கொலாஞ்சைடிஸ்’ என்ற சொல் இடம்பெற்றது. பி.பி.சி. என்ற சுருக்கம் மட்டும் அப்படியே நின்றது. ஒரு மாத்திரையும் மாறவில்லை, ஒரு பரிசோதனையும் மாறவில்லை. சொல் ஒன்றை மாற்றுவதற்காக இத்தனை பேர் முயன்றனர் என்றால், அச்சொல் தந்த வேதனை எத்தகையது என்பதை உணரலாம்.

நீண்ட ஆயுள், நலிந்த நாட்கள்

ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸின் வரலாறு வேறு விதமானது. 1950-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ரோம், இளம்பெண்களிடம் கண்ட ஒரு நாட்பட்ட கல்லீரல் அழற்சியை விவரித்தார். இன்று வழங்கும் பெயர், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இந்நோயை ஆராய்ந்த இயன் மெக்கேயும் அவருடைய குழுவினரும் 1965-இல் சூட்டியது. அந்நாளில் நோய் கடுமையாக வந்தவர்கள் சில ஆண்டுகளே வாழ்ந்தனர். 1971-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக் என்ற பெண் பேராசிரியரின் குழு வெளியிட்ட ஆய்வு, பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. அன்று முதல் இந்நோய், காலமெல்லாம் கட்டுக்குள் வைத்து வாழக்கூடிய ஒன்றாயிற்று. பி.பி.சி.க்கும் உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை வந்து, பலருக்கு நோயின் வேகத்தைத் தணித்தது.

ஆயுளுக்கு இவ்வாறு வழி பிறந்தது. அந்த ஆயுளின் ஒவ்வொரு நாளும் எப்படிக் கழிகிறது என்பது இன்னொரு கேள்வி. மருத்துவர் அறிக்கையைப் பார்த்து, “எல்லாம் நல்லா இருக்குதுங்கம்மா” என்று சொல்லி அனுப்புகிறார். அறிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் வாசற்படி ஏறியதும் அமர்ந்துவிடுகிறார். இவ்விரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இந்நோயைப் பற்றிக் குடும்பத்தார் அறிய வேண்டிய முதற்செய்தி.

மருத்துவ உலகமும் இதைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தது. 2005-இல் இங்கிலாந்தில் பி.பி.சி. நோயாளிகளுக்கென்றே 40 வினாக்கள் கொண்ட ஒரு படிவம் உருவாக்கப்பட்டது. களைப்பு, அரிப்பு, மறதி, மனவாட்டம், பிறரோடு பழகுவதில் ஏற்படும் தடை ஆகியவற்றை அது கேட்டறிகிறது. நோயாளிகளின் வாய்மொழியைக் கேட்டே அவ்வினாக்கள் தொகுக்கப்பட்டன. ரத்தத்தில் அளக்க முடியாதவற்றையும் அளக்க வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவு அது.

கண்ணுக்குத் தெரியாத களைப்பு

இந்நோயாளிகள் கூறும் குறைகளில் முதன்மையானது களைப்பு. இது வேலை செய்தபின் வரும் அசதி அன்று. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும் நீங்காதது. குறிப்பாகப் பி.பி.சி.யில், களைப்பின் அளவுக்கும் கல்லீரல் பழுதின் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. தொடக்க நிலையில் இருப்பவர் படுத்தே கிடக்கலாம். முற்றிய நிலையில் உள்ளவர் நடமாடலாம். ஆகவே, “ரிப்போர்ட் நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க, அப்புறமென்னங்க?” என்று மருமகளோ மகனோ கேட்பது அறியாமையால் எழும் கேள்வி. அதைக் கேட்பவர் சோம்பேறி என்ற பட்டத்தையும் மௌனமாகச் சுமக்கிறார்.

ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துவோருக்கு இக்களைப்பின் கணக்கு எளிதில் விளங்கும். மாதம் ஒன்றாம் தேதி வரும் தொகை இவ்வளவுதான். முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால் எஞ்சிய நாட்களில் கையைப் பிசைய வேண்டும். இவர்களுக்கு ஒவ்வொரு காலையிலும் கிடைக்கும் தெம்பும் அப்படி அளவிட்டதுதான். நல்ல நாளாயிற்றே என்று வீடு முழுவதும் கழுவிக் கோலமிட்டு, பலகாரம் சுட்டு, மாலையில் பேரூருக்கும் போய்வந்தால், அடுத்த மூன்று நாட்கள் படுக்கையில் கழியும். முக்கியமான ஒரு வேலையைத் தெம்புள்ள வேளையில் செய்து, இடையில் ஓய்வு கொண்டு, எஞ்சியதை மறுநாளைக்கு விடுவதே முறை. ஒருகாலத்தில் மருதமலைப் படிகளை ஏறியவர் இன்று பேருந்திலோ காரிலோ மேலே சென்று வணங்கட்டும். கூட்டம் நெரியும் கிருத்திகையன்று போகாமல், வேறொரு நாள் காலையில் போகட்டும். மூன்று சுற்று வலம்வர இயலாதவர் ஒரு சுற்றோடு மண்டபத்தில் அமரட்டும்.

அதே வேளையில் முற்றிலும் படுத்துவிடுவதும் கேடு. இயன்ற அளவு சிறு நடை தசைகளைக் காக்கிறது. களைப்புக்கு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இந்நோயாளிகளிடம் சேர்ந்து காணப்படுவதுண்டு. அவற்றுக்கு மருந்து உண்டு.

இரவில் கூடும் அரிப்பு

பித்தக் குழாய்கள் பாதிக்கப்படும்போது வரும் மற்றொரு துன்பம் அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகமாக இருக்கும். மாலையிலும் இரவிலும் கூடும். தோலில் தடிப்போ கொப்புளமோ இராது. சொறிந்த தழும்புகளே இருக்கும். அதைக் காண்போர் சொறிசிரங்கு என்று எண்ணி விலகி அமர்கின்றனர். இந்த அரிப்பின் வேர் தோலில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருப்பதை விட, கல்லீரல் மருத்துவரிடம் சொல்வதே பயன் தரும். இதற்கெனக் கொலஸ்டைரமின் போன்ற மருந்துகள் உள்ளன. அம்மருந்தை மற்ற மாத்திரைகளோடு சேர்த்து உட்கொள்ளக் கூடாது. இடைவெளி விட வேண்டும். வெந்நீர்க் குளியலைத் தவிர்த்து மிதமான நீரில் குளிப்பதும், பருத்தி ஆடை அணிவதும், தோல் வறளாமல் காப்பதும் சற்று ஆறுதல் தரும்.

உறக்கம் கெட்டவருக்குப் பகலில் பெயர்கள் மறக்கும். அடுப்பில் பால் வைத்தது நினைவிலிருக்காது. அதனைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பது வீட்டாருக்கு விளையாட்டு, அவருக்கு அச்சம். சிரோசிஸ் நிலையை அடைந்தவர் திடீரெனக் குழம்பிப் பேசினாலோ, பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்திருந்தாலோ, கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அதை மறதி என்றும் முதுமை என்றும் விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மாத்திரையும் கஷாயமும்

ஸ்டீராய்டு மருந்து உயிர்காப்பது. அதற்கு விலையும் உண்டு. முகம் உப்பும், எடை கூடும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்புரை முந்தி வரும். பல ஆண்டுகளாகப் பார்த்த முகம் கண்ணாடியில் அயலாகத் தெரிவது சிறிய வருத்தம் அன்று. திருமண வீடுகளில் “என்னங்க இப்படி ஊதிட்டீங்க?” என்று கேட்போருக்கு அது தெரிவதில்லை. இதனால்தான் மருத்துவர்கள் ஸ்டீராய்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, அசதயோபிரின் போன்ற மருந்தைச் சேர்க்கின்றனர். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தருகின்றனர். வழவழப்பான கல் தளங்களில் நடக்கும்போது ஒரு கை பிடிமானம் இருப்பது இவர்களுக்குக் கட்டாயம்.

உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதே பெரும் ஆபத்து. நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய சுரப்பைத் தர இயலாமல் மயங்கி விழவும் கூடும்.

கல்லீரல் என்றதும் தமிழர் நாடுவது கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை ஹெபடைடிஸ் பி வைரசுக்குத் தந்து பார்த்த ஆய்வு 1988-இல் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எவ்வாறாயினும் அது வைரசுக்கான ஆய்வு. எதிர்ப்பாற்றல் தடம்மாறிய இந்நோய்க்கு உரியதன்று.

சீந்தில் கொடியின் செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று பலர் அதை நாள்தோறும் அருந்தினர். அவ்வாறு அருந்தியபின் கல்லீரல் அழற்சி கண்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். நாட்டின் 13 மருத்துவ மையங்களில் காணப்பட்ட 43 பேரைப் பற்றிய ஆய்வு 2022-இல் வந்தது. பலரிடம் தன்னுடல் தாக்கு நோயின் சாயல் இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் இம்முடிவை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது என்றே கூறியது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் மிகுந்து தன் உடலையே தாக்கும் ஒருவர், அதை மேலும் தூண்டும் எதையும் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. கபசுரக் குடிநீரிலும் சீந்தில் ஒரு சரக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். உறவினர் அன்போடு கொண்டுவரும் பொடியை வாங்கி வைத்துக்கொள்வதில் பிழையில்லை. மருத்துவரிடம் காட்டும்வரை பிரிக்காமல் இருந்தால் போதும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகளுக்கும் இதுவே விதி.

விரதமும் பிரசாதமும்

சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று ஆண்டு முழுவதும் விரதம் காத்தவருக்கு, “இனிப் பட்டினி கிடக்காதீர்கள்” என்ற அறிவுரை கசக்கும். ஆயினும் சிரோசிஸ் நிலையை அடைந்தவருக்கு நெடுநேரப் பட்டினி தசைகளைக் கரைக்கிறது. ஓர் இரவு முழுதும் உண்ணாதிருப்பதே அவர்களுக்கு அதிகம் என்பதால், படுக்கும் முன் சிறிது உணவு கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்கின்றனர். நோயுற்றோருக்கு விரத விதிகளில் தளர்வு தரும் வழக்கம் பெரியோர்களிடம் என்றும் இருந்ததே.

கல்லீரல் நோயாளி பருப்பு உண்ணலாகாது என்பது பழைய எண்ணம். தசை தேயாமலிருக்கப் புரதம் வேண்டும் என்பதே இன்றைய அறிவுரை. பாசிப்பயறு, துவரை, தயிர், கொங்குநாட்டுக்கே உரிய கொள்ளுப்பருப்பு ஆகியவை சைவ உணவினருக்குத் துணை. வயிற்றில் நீர் கோத்தவர் உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றை விலக்கலாம். கோயிலில் தரும் புளியோதரையையும், ஸ்டீராய்டு உட்கொள்பவராயின் சர்க்கரைப் பொங்கலையும், கண்ணில் ஒற்றி ஒரு வாய் உண்டு எஞ்சியதைப் பகிர்ந்தளிக்கலாம். பக்தியில் குறை வராது. ரத்தத்தில் சர்க்கரையும் ஏறாது.

உடனிருப்போர்

சமண மடத்தில் இருந்த மருள்நீக்கியார் சூலைநோயால் துடித்தபோது, இறுதியில் திருவதிகைக்கு வந்து தமக்கை திலகவதியாரின் காலில் விழுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தம்பி விலகிச் சென்ற ஆண்டுகளின் கணக்கைத் தமக்கையார் அப்போது எடுக்கவில்லை. எழுப்பினார், திருநீறு அளித்தார், தாமே உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். ‘எப்படி வந்தது?’ என்று துருவாமல் உடன் நடந்த அந்தச் செயலே நோயாளியின் வீட்டாருக்கு உரியது.

அவர்கள் செய்யக்கூடியவை சிறியவை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். வங்கிப் பாஸ்புத்தகம் போல, நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரே பார்வையில் விளங்கும். அடுத்த பக்கத்தில் அந்த மாதம் எத்தனை இரவு உறக்கம் கெட்டது, எத்தனை நாள் படுத்தே இருந்தார் என்றும் குறிக்கலாம். மருத்துவர் கேட்க மறந்தாலும் நோட்டு சொல்லும். மனவாட்டம் நீடித்தால் அதையும் மறைக்காமல் கூறலாம். அதுவும் நோயின் ஒரு பகுதியே.

காந்திபுரத்தில் இருப்போருக்குத் திருச்சி சாலையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. கோவையின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் கல்லீரல் சிறப்பு மருத்துவர்கள் உள்ளனர். மருந்தால் ஆகாதபோது கல்லீரல் மாற்றுச் சிகிச்சை உண்டு. 1998-இல் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு டெல்லியில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. அக்குழந்தைக்கு இருந்தது பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்ட வேறு நோய். ஆயினும் இந்தியாவில் குழந்தைகளுக்கான இச்சிகிச்சைக்கு அது வழி திறந்தது. அக்குழந்தை வளர்ந்து இன்று மருத்துவர். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் திட்டம் 2008 முதல் முறைப்படி நடந்துவருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று இடம்பெற்றுள்ளது.

அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை சந்நிதியில் அவரைக் காணவில்லையெனில், அர்ச்சனைத் தட்டிலிருந்து சிறிது குங்குமத்தை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்து, “இன்னைக்குத் தெம்பு எப்படிங்க இருக்குது?” என்று கேட்கலாம். பதில் நீளமாக வந்தால் உட்கார்ந்து கேட்கலாம். அவர் கண் சொருகினால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடலாம்.